குழாய் கடக்கும் நாட்டிற்குப் பயன் என்ன?

எண்ணெய் விளையும் நாடு ஒன்று. அதனை வாங்கிப் பயன்கொள்ளும் நாடுகள் வேறு பல. இவ்விரு திறத்தாருக்கும் இடையே, எண்ணெய்க் கிணறும் இன்றிப் பெருஞ்சந்தையும் இன்றி, வெறும் வழியாக அமைந்துவிட்ட நாடுகள் சில உள்ளன. எண்ணெய் நிறுவனத்தார் ஒருநாள் அத்தகைய நாட்டின் தலைநகருக்கு வருகின்றனர், வரைபடத்தை விரிக்கின்றனர், மலையும் வயலும் ஊரும் கடந்து செல்லுமாறு ஒரு கோடு வரைகின்றனர். அக்கோட்டின் வழியே குழாய் பதிக்க இசைவு தந்தால் நாடு வளம் பெறும் என்று உறுதி கூறுகின்றனர். அந்நாட்டு அரசு கூற வேண்டிய விடை யாது? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினாவுக்கு 'ஆம்' என்போரும் உளர். 'இல்லை' என்போரும் உளர். குழாய் வருவதே முன்னேற்றம் என்பது ஒரு சாரார் கருத்து. குழாய் என்றாலே சுரண்டல் என்பது மற்றொரு சாரார் கருத்து. வரலாற்றை நடுநிலையோடு நோக்கினால் இவ்விரண்டும் முழு உண்மை ஆகா என்பது புலப்படும். எண்ணெய்க் குழாய் தான் கடக்கும் நாட்டிற்குத் தானாகச் செல்வம் எதையும் தருவதில்லை. பேரம் பேசுவதற்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. மண்ணில் முதல் குழி வெட்டப்படும் முன்னரே அவ்வாய்ப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அதனைப் பயன்படுத்திக்கொண்ட நாடு சிறிதேனும் வாழ்ந்தது. நழுவவிட்ட நாடு பின்னர் வருந்தியது. இதுவே நம் கருத்து. இனி இதற்குரிய சான்றுகளைக் காண்போம்.

நான்கு உறுதிமொழிகள்

குழாய் பதிக்க வருவோர் பொதுவாக நான்கு நன்மைகளை எடுத்துரைப்பர். முதலாவது, தம் எல்லையைக் கடந்து செல்லும் ஒவ்வொரு பீப்பாய் எண்ணெய்க்கும் கிடைக்கும் வழிக்கட்டணம். இரண்டாவது, மக்களுக்கு வேலைவாய்ப்பு. மூன்றாவது, நாட்டிற்குத் தேவையான எரிபொருள் எளிதில் கிடைத்தல். நான்காவது, பெருநாடுகளின் நட்பும் அதனால் வரும் பாதுகாப்பும்.

இந்நான்கில் வேலைவாய்ப்பைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடலாம். குழாய் பதிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பல்லாயிரவர்க்கு வேலை கிடைப்பது உண்மை. ஆனால் குழாய் மண்ணுக்குள் சென்று மூடப்பட்டபின், காவலுக்கும் பழுது பார்ப்பதற்கும் எண்ணெயை உந்தித் தள்ளும் நிலையங்களுக்கும் சில நூறு பேர் இருந்தால் போதும். தொழிற்சாலை ஊரைத் தன்னிடம் ஈர்த்து வளர்க்கும்; குழாயோ ஊரைக் கடந்து போய்விடும். ஆகவே வேலைவாய்ப்பை நம்பி ஒரு நாடு இசைவு தருவது, திருவிழாக் கடையை நம்பி வீடு கட்டுவதற்கு ஒப்பாகும். எஞ்சிய மூன்றுமே ஆழ்ந்து ஆராயத்தக்கவை.

வழிக்கட்டணத்தின் அளவு

வழிக்கட்டணம் என்பது பழங்காலத்துச் சாவடிச் சுங்கம் போன்றது. பொதியின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் சாவடியில் வாங்கும் காசு உயர்வதில்லை. மத்திய ஆப்பிரிக்கப் பகுதியில் இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. கடற்கரையில்லாத சாட் நாட்டின் டோபா வயல்களில் எடுக்கப்படும் எண்ணெய், அண்டை நாடான கேமரூனின் கிரிபி கடற்கரைக்கு ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர் நீளக் குழாயில் செல்கிறது. அதில் ஏறத்தாழ 890 கிலோமீட்டர் கேமரூன் மண்ணில் உள்ளது. குழாயின் பெரும்பகுதியைத் தன் நிலத்தில் தாங்கும் அந்நாட்டிற்குப் பீப்பாய் ஒன்றுக்கு 0.41 டாலர் என்று கட்டணம் வகுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அதன்பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறி, 2011 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் பீப்பாய் 100 டாலரையும் தாண்டி நின்றது. கேமரூன் பெற்றதோ அதே 0.41 டாலர்.

இதில் குறை யாருடையது? எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தப்படியே நடந்தது. விலை உயரும்போது கட்டணமும் உயர வேண்டும் என்று கையெழுத்திடும் நாளில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் கேமரூன் அடாவடியில் இறங்கவில்லை, பேச்சுவார்த்தை நடத்தியது. அதன் பயனாக 2013இல் கட்டணம் 1.30 டாலராக உயர்ந்தது. மூன்று மடங்குக்கும் மேற்பட்ட இவ்வுயர்வு, பொறுமையோடு கூடிய பேரத்தின் பலன். ஆனால் குழாய் ஓடத் தொடங்கி அதற்குள் பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பதையும், விலை உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் பயன் கைவிட்டுப் போயிற்று என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

டாப்லைன் தரும் படிப்பினை

பேரத்திற்குப் பதிலாக அச்சுறுத்தலை மேற்கொண்டால் என்ன நேரும்? இதற்கு அரபு நாடுகளின் வரலாறே ஆசான்.

சவூதி அரேபியாவின் கீழ்க்கரை எண்ணெயை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டு செல்ல, அராம்கோவின் பங்குதாரர்களான அமெரிக்க நிறுவனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு குழாயைத் திட்டமிட்டன. 'டாப்லைன்' என்று சுருக்கமாக வழங்கப்பட்ட அக்குழாய், கைசூமா என்னும் இடத்திலிருந்து ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளைக் கடந்து லெபனானின் சைதா துறை வரை 1,214 கிலோமீட்டர் சென்றது. அரேபியத் தீபகற்பத்தைச் சுற்றிச் சூயஸ் கால்வாய் வழியே கப்பல் செல்லும் நெடுந்தொலைவை அது மிச்சப்படுத்தியது.

இக்குழாய்க்கு இசைவு தருவதில் சிரியா தயங்கியது. பாலஸ்தீனப் போரின் வேதனை மக்கள் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்த காலம் அது. நாடாளுமன்றம் ஒப்புதல் வழங்காமல் காலந்தாழ்த்தியது. 1949 மார்ச் 30ஆம் நாள் இராணுவத் தளபதி ஹுஸ்னி அல்-ஸயீம் ஆட்சியைக் கைப்பற்றினார். சில வாரங்களுக்குள், மே மாதத்தில், குழாய் ஒப்பந்தம் ஒப்புதல் பெற்றது. ஆகஸ்டில் அவரும் வீழ்த்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆள்பவர் போனார்; அவர் இட்ட ஒப்புதல் நின்றது. மக்களின் பிரதிநிதிகள் விவாதித்து முடிக்காத ஒன்றைத் தனியொருவர் முடித்து வைத்தால், அவ்வொப்பந்தத்தின் மீது மக்களுக்குப் பற்று எவ்வாறு உண்டாகும்? பின்னாளில் டாப்லைன் சிரியாவில் ஓயாத வழக்கிற்கு உரியதாக இருந்ததில் வியப்பில்லை.

1970ஆம் ஆண்டு மே மாதம் சிரியாவின் எல்லைக்குள் ஒரு புல்டோசர் மோதிக் குழாய் உடைந்தது. பழுது பார்க்கச் சிரியா இசைவு தரவில்லை. கூடுதல் கட்டணம் கேட்டது. அப்போது சூயஸ் கால்வாய் 1967 போருக்குப்பின் மூடிக் கிடந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பீப்பாய் எண்ணெய் நின்றுபோனதால் ஐரோப்பியச் சந்தை தடுமாறியது. அத்தடுமாற்றம் அவ்வாண்டே லிபியா தன் எண்ணெய் விலையை உயர்த்துவதற்குத் துணையாயிற்று. ஒன்பது மாதங்களுக்குப்பின், 1971 சனவரியில், சிரியா கேட்ட உயர்வைப் பெற்றுக் குழாயைத் திறந்துவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சிரியாவின் வெற்றி. ஆனால் அடுத்த ஐந்து ஆண்டுகளை நோக்குங்கள். எண்ணெய் நிறுவனங்கள் மிகப் பெரிய கப்பல்களைக் கட்டி, ஆப்பிரிக்காவைச் சுற்றியே குறைந்த செலவில் எண்ணெயைக் கொண்டுசெல்லக் கற்றுக்கொண்டன. 1975இல் சூயஸ் கால்வாயும் மீண்டும் திறக்கப்பட்டது. 1976இல் டாப்லைனில் ஜோர்டானுக்கு அப்பால் எண்ணெய் செல்வது நின்றது. உயர்த்திப் பெற்ற கட்டணத்தை வாங்குவதற்கு எண்ணெயே வரவில்லை. வழியை அடைப்பவனின் வலிமை, வேறு வழி இல்லாத வரையில்தான் நிலைக்கும். அடைக்க அடைக்க எண்ணெய் வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. இதுவே டாப்லைன் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தை ஜோர்டான் தருகிறது. எண்ணெய் வளமற்ற அந்நாடு, வழிக்கட்டணத்தோடு நின்றுவிடாமல், குழாயிலிருந்து தனக்குரிய எண்ணெயை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் செய்துகொண்டது. சர்க்கா நகரில் 1960களின் தொடக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. டாப்லைன் எண்ணெய் அவ்வாலைக்கு வந்தது. கடலுக்குச் செல்லும் எண்ணெய் நின்ற பின்னரும் சவூதி அரேபியாவுக்கும் ஜோர்டானுக்கும் இடைப்பட்ட பகுதி 1990 வரை இயங்கிக்கொண்டிருந்தது. குழாய் கடந்த நாடுகளுள் நெடுங்காலம் பயன்பெற்ற நாடு, தன் மண்ணிலேயே ஒரு திறப்பு வைத்துக்கொண்ட நாடுதான். எனினும் 1990இல் குவைத் நெருக்கடியின்போது ஜோர்டான் ஈராக்கின் பக்கம் சாய்ந்ததாகக் கருதிய சவூதி அரேபியா அவ்வெண்ணெயை நிறுத்திவிட்டது. ஒரே குழாயை நம்பியிருத்தலும் ஆபத்து என்பது இதனால் தெளிவாகிறது.

மூன்றாவதாக ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். டாப்லைன் சவூதி அரேபியாவின் வடபாலைவனத்தில் எண்ணெயை உந்தும் நிலையங்களை அமைத்த இடங்களில் கிணறுகள் தோண்டப்பட்டன. மருத்துவ வசதி வந்தது. நாடோடி மக்கள் தங்கள் ஒட்டகங்களோடு அங்கே கூடினர். ரஃப்ஹா, அரார், துரைஃப் ஆகியவை இவ்வாறு நகரங்களாக வளர்ந்தவை. எண்ணெய் நின்று பல்லாண்டுகள் ஆனபின்னும் அந்நகரங்கள் நிற்கின்றன. குழாயோடு சேர்த்து நீரும் மருந்தும் வர வேண்டும் என்று கேட்டுப் பெற்ற இடத்தில், குழாய் மறைந்தாலும் பயன் மறையவில்லை.

ஜார்ஜியாவின் இரு குழாய்கள்

இனி நம் காலத்துச் சான்று ஒன்றைக் காண்போம். காஸ்பியன் கடல் எண்ணெயை மேலைநாடுகளுக்குக் கொண்டுசெல்ல அஜர்பைஜானின் பாக்கு நகரிலிருந்து ஜார்ஜியாவின் திபிலிசி வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறை வரை 1,768 கிலோமீட்டர் நீளக் குழாய் ஒன்று பதிக்கப்பட்டது. 1999 நவம்பரில் இஸ்தான்புல் நகரில் நாடுகளுக்கிடையே உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2006ஆம் ஆண்டில் எண்ணெய் ஜெய்ஹானை அடைந்தது. இக்குழாயில் 249 கிலோமீட்டர் ஜார்ஜியாவில் உள்ளது.

நீளத்தில் சிறியதாயினும் ஜார்ஜியா இல்லையேல் இக்குழாய் இல்லை. ஏனெனில் அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியாவுக்கும் இடையே கராபாக் பகை நிலவியது. ஈரான் வழியே செல்ல அமெரிக்கா இடம் தரவில்லை. ரஷ்யாவைச் சாராத வழி வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கம். எஞ்சிய ஒரே வாயில் ஜார்ஜியா. இத்துணை வலிமை பெற்றிருந்த அந்நாடு பெற்றது என்ன? குழாய் நிறுவனத்தின் பங்குகளில் பிரிட்டிஷ் நிறுவனமான பி.பி. 30.1 விழுக்காட்டையும், அஜர்பைஜான் 25 விழுக்காட்டையும் கொண்டிருந்தன. குழாய் முடியும் துருக்கியின் அரசு நிறுவனமும் 6.53 விழுக்காடு பெற்றது. நடுவிலிருந்த ஜார்ஜியாவுக்குப் பங்கே இல்லை. பீப்பாய்க்குச் சில சென்ட்கள் வழிக்கட்டணமாகக் கிடைத்தன.

ஆனால் அதே தடத்தில், எண்ணெய்க் குழாயை ஒட்டியே, ஓர் இயற்கை எரிவாயுக் குழாயும் சென்றது. அதன் உடன்பாட்டில் ஜார்ஜியா வேறு வகையாகப் பேரம் பேசிற்று. கட்டணத்தைப் பணமாகப் பெறுவதற்கு மாறாக, ஆண்டுதோறும் கடந்து செல்லும் எரிவாயுவில் 5 விழுக்காட்டைப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றது. அதற்கு மேல் ஆண்டுக்கு 50 கோடி கனமீட்டர் எரிவாயுவைச் சலுகை விலையில் வாங்கும் உரிமையையும் பெற்றது.

இவ்வுரிமையின் அருமை விரைவில் வெளிப்பட்டது. 2006 சனவரி 22ஆம் நாள், கடுங்குளிர் காலத்தில், ரஷ்யாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு எரிவாயு கொண்டுவந்த குழாய் வட ஒசேத்தியாவில் வெடிப்பினால் தகர்ந்தது. அந்நாட்டு மக்கள் எரிவாயுவும் மின்சாரமும் இன்றி உறைபனியில் நடுங்கினர். அடுத்த குளிர்காலம் தொட்டு அஜர்பைஜான் எரிவாயு வரத் தொடங்கியதும், ரஷ்யாவை மட்டுமே சார்ந்திருந்த நிலை மாறியது. அடுப்பெரிக்கும் தாய்க்கும், குளிர்காயும் முதியவர்க்கும், பாடம் படிக்கும் பிள்ளைக்கும் உதவியது எண்ணெய்க் குழாயின் சென்ட்கள் அல்ல. எரிவாயுக் குழாயின் அந்த 5 விழுக்காடே. ஒரே நாடு, ஒரே தடம், ஒரே காலம். எழுதிக்கொண்ட நிபந்தனை வேறாயிருந்தமையால் பயனும் வேறாயிற்று. நம் கருத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குழாய் கேடயமாகுமா?

பெருநாடுகளின் எண்ணெய் தம் மண்ணில் ஓடினால் அப்பெருநாடுகள் தம்மைக் காக்கும் என்பது நான்காவது உறுதிமொழி. ஜார்ஜியா இதனைப் பெரிதும் நம்பியது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் தன் விடுதலையை நிலைநாட்டிக்கொள்ள முயன்ற சிறு நாட்டிற்கு இந்நம்பிக்கை எழுந்தது இயல்பே. குழாயினால் அந்நாடு உலக அரங்கில் கவனம் பெற்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் 2008 ஆகஸ்டில் என்ன நேர்ந்தது? 5ஆம் நாள் துருக்கியின் எர்சின்ஜான் மாநிலத்தில் அக்குழாய் தீப்பற்றி எரிந்து, எண்ணெய் நின்றது. அடுத்த சில நாள்களில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போர் மூண்டது. ரஷ்யப் படைகள் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தன. குழாய் அப்போரைத் தடுக்கவில்லை. கருங்கடற்கரையின் சுப்சா துறைக்குச் செல்லும் மற்றொரு எண்ணெய்க் குழாயும் முன்னெச்சரிக்கையாக மூடப்பட்டது. நிறுவனங்கள் தம் எண்ணெயைக் காத்துக்கொண்டன. நாட்டைக் காப்பது அவற்றின் வேலை அன்று. குழாய் நண்பர்களைத் தேடித்தரலாம்; படையைத் தேடித்தராது. பாதுகாப்பு என்னும் உறுதிமொழியை வரவில் எழுதும் அரசு, குழாயைக் காக்கும் செலவையும் பகைவரின் கண் அதன்மேல் விழுவதையும் பற்றில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மண்ணுக்குரியவரின் கணக்கு

இதுவரை நாட்டின் பயன் பற்றிப் பேசினோம். நாடு என்பது அரசின் கருவூலம் மட்டும் அன்று. குழாய் கடப்பது வரைபடத்தை அன்று; ஒருவருடைய தோட்டத்தை, மற்றொருவருடைய நீரூற்றை. ஆகவே அரசு இலாபம் கண்ட இடத்தில் ஊர் நட்டம் கண்டிருக்கவும் கூடும்.

ஜார்ஜியாவின் போர்ஜோமி பள்ளத்தாக்கு கனிமநீருக்குப் பெயர் பெற்றது. அந்நீர் அந்நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. எண்ணெய்க் குழாயின் தடம் அவ்வட்டாரத்தின் வழியே வகுக்கப்பட்டபோது, கசிவு நேர்ந்தால் ஊற்றுகள் கெடுமே என்று பலரும் அஞ்சினர். சுற்றுச்சூழல் அமைச்சகமும் தயங்கியது. எனினும் 2002 இறுதியில் நிபந்தனைகளோடு ஒப்புதல் வழங்கப்பட்டது. 2004 சூலையில் புதிய அரசு அங்குப் பணியை இரண்டு வாரம் நிறுத்தி, கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளை வற்புறுத்திய பின்பே தொடரவிட்டது. எண்ணெயின் வழிக்கட்டணம் சில பத்தாண்டுகளில் முடிந்துவிடும். ஊற்று கெட்டால் மீளாது. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அறமாகாது.

குழாய் செல்லும் நிலத்தின் நிலையும் இத்தகையதே. நிலம் உழவருடைய பெயரிலேயே இருக்கும், ஆனால் குழாயின் மேல் ஆழ வேர்விடும் மரத்தை நடலாகாது, கட்டடம் எழுப்பலாகாது. உரிமை இருக்கும், உரிமையின் பயன் குறையும். இதனை உணர நாம் காக்கேசிய மலைக்குச் செல்ல வேண்டுவதில்லை. எல்லை கடக்கும் குழாய் அன்றாயினும், கொச்சியிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருட்டிணகிரி வரை ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களில் பதிக்கப்பட இருந்தபோது, நம் கொங்கு நாட்டு உழவர் எழுப்பிய வினாவும் இதுவே. 1962ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அந்நிலத்தில் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காட்டை ஈடாக வகுக்கிறது. 2013இல் தமிழக அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டுசெல்லுமாறு கூறியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குழாய் நிறுவனத்திற்குச் சார்பாக அமைந்தது. ஒரே நாட்டிற்குள்ளேயே இவ்வளவு வழக்கு என்றால், இலாபம் அயல்நாட்டிற்குச் செல்லும் குழாயில் உழவரின் குரல் எத்துணை மெலிந்து ஒலிக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டத்தையும் விலை பேசலாமா?

கட்டணத்தையும் ஈட்டையும் விட அரிய பொருள் ஒன்று இத்தகைய ஒப்பந்தங்களில் கைமாறுகிறது. அது நாட்டின் சட்டமியற்றும் உரிமை. பாக்கு-திபிலிசி-ஜெய்ஹான் குழாய்க்காக நிறுவனத்திற்கும் ஒவ்வோர் அரசுக்கும் இடையே தனித்தனி ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. பின்னாளில் இயற்றப்படும் சட்டத்தால் குழாயின் பொருளாதார நிலை பாதிக்கப்படுமானால் அரசே ஈடு செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம். முதலீடு செய்வோர் இத்தகைய உறுதி கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. இரவோடு இரவாகச் சட்டம் மாறினால் எவரும் பணம் போடமாட்டார். ஆனால் தொழிலாளர் நலனுக்கோ சுற்றுச்சூழலுக்கோ நாளை ஒரு நல்ல சட்டம் இயற்ற வேண்டுமெனில், அதற்கும் நாடு அபராதம் கட்ட நேரிடும் அன்றோ? 2003இல் மனித உரிமை அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தன. அதன்பின், மனித உரிமை, உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கான சட்டங்களுக்கு எதிராக அவ்விதிகளைப் பயன்படுத்துவதில்லை என்று குழாய் நிறுவனம் எழுத்தில் உறுதி கூற வேண்டியதாயிற்று. கண்டனக் குரல் எழாதிருந்தால் அவ்வுறுதியும் வந்திராது.

இரு மறுப்புகள்

நம் கருத்துக்கு இரு பக்கத்திலிருந்தும் மறுப்பு எழலாம். கிணறு தோண்டியவனும் முதல் போட்டவனும் வேறு. வெறுமனே வழிவிட்டவனுக்குப் பங்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கசிவின் ஆபத்தையும், காவலின் சுமையையும், பகையின் நிழலையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்குபவன் வெறுமனே வழிவிட்டவன் ஆகான். ஆபத்தில் பங்கு உண்டெனில் ஆதாயத்திலும் பங்கு வேண்டும் என்பது வாணிகத்திலேயே உள்ள நீதி.

இத்தனை கேடு உண்டெனில் குழாயே வேண்டா என்று மறுத்துவிடலாமே என்பது மற்றொரு வாதம். வளம் மிக்க நாட்டிற்கு அது எளிது. 1990களில் மின்சாரமின்றி இருளில் மூழ்கிய திபிலிசி மக்களிடம் சென்று அவ்வாறு கூற நமக்குத் துணிவு வராது. எரிபொருள் இல்லாத நாட்டின் வறுமையும் ஒரு கேடுதான். ஆகவே மறுப்பதைவிட, நிபந்தனையோடு ஏற்பதே பெரும்பாலும் அறிவுடைமை. போர்ஜோமி போன்று மீட்க இயலாத இழப்பு நேரக்கூடிய இடத்தில் மட்டும், தடத்தை மாற்றுக என்று உறுதியாக நிற்றல் வேண்டும்.

கேட்க வேண்டியவை

அவ்வாறெனில், கோட்டை வரைய வருவோரிடம் ஒரு நாடு எவற்றைக் கேட்க வேண்டும்? முதலாவது, பணத்தோடு பொருளையும் கேட்க வேண்டும்; தன் மண்ணில் ஒரு திறப்பு வேண்டும். ஜோர்டானின் ஆலையும் ஜார்ஜியாவின் 5 விழுக்காடும் இதற்கு வழிகாட்டிகள். இரண்டாவது, விலை மாறும்போது கட்டணமும் மாறுமாறும், குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபேச்சு நிகழுமாறும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மூன்றாவது, இயன்றால் குழாயிலேயே பங்கு கேட்க வேண்டும். உகாண்டாவின் எண்ணெயைத் தான்சானியாவின் தாங்கா துறைக்குக் கொண்டுசெல்லும் 1,443 கிலோமீட்டர் குழாய்த் திட்டத்தில், வழி தரும் தான்சானியாவின் அரசு நிறுவனம் 15 விழுக்காட்டுப் பங்கு பெற்றுள்ளது. எண்ணெய்க்குரிய உகாண்டாவின் அரசு நிறுவனத்திற்கும் அதே 15 விழுக்காடுதான். பங்கு என்பது முதலையும் நட்டத்தையும் உடன் கொண்டுவரும் என்பது உண்மை. ஆயினும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமையை அதுவே தரும். நான்காவது, நிலம் இழப்போர்க்கு உரிய ஈடு, குழி வெட்டும் முன் கையில் சேர வேண்டும். ஐந்தாவது, ஒப்பந்தம் முழுவதும் மக்கள் மன்றத்தில் வைக்கப்பட்டு, மக்கள் மொழியில் வெளியிடப்பட வேண்டும். தளபதி ஒருவரின் கையெழுத்தில் பிறந்த ஒப்பந்தத்தின் கதையைச் சிரியாவில் கண்டோம்.

இவ்வைந்தையும் கேட்பதற்கு ஒரு நாட்டிற்கு எண்ணெய் வளம் தேவையில்லை. சட்டம் கற்றோரும், பொருளியல் அறிந்தோரும், ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளையும் வரி விடாமல் படிக்கும் பொறுமை உடையோரும் தேவை. நம் மாணவர்கள் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும்போது எண்ணெய் எடுக்கும் பொறியியலை மட்டும் நோக்காமல், எண்ணெயைக் கடத்தும் ஒப்பந்தங்களையும் கற்றறிதல் நன்று. எதிர்ப்பக்கத்து மேசையில் தேர்ந்த வழக்கறிஞர் பதின்மர் அமர்ந்திருக்க, இப்பக்கத்தில் அவசரத்தில் உள்ள அமைச்சர் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்த நாடுகளே பெரிதும் ஏமாந்தன.

குழாயின் உள்ளே ஓடும் எண்ணெய் அந்நாட்டினுடையது அன்று. குழாயைச் சுற்றியுள்ள மண் அந்நாட்டினுடையது. அம்மண்ணின் மதிப்பை அறிந்து பேசும் நாட்டிற்குக் குழாயால் பயன் உண்டு. அறியாமல் ஒப்பமிடும் நாட்டிற்கு எஞ்சுவது, எண்ணெய் தீர்ந்தபின் மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பு ஒன்றே.